பிஎச் 7-ல ஒட்டுன என்சைம் நிக்குமா?

லைன்மேடு_லேப்: நேத்து ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார்: "கிளையாக்சில் அகரோஸ்ல (ஆல்டிஹைடு வெச்ச சின்ன ஜெல் மணி, அதான் பீட்) அமைலேஸை (மாவை உடைக்கிற என்சைம்) பிஎச் 7-ல ராத்திரி பூரா ஊற வெச்சா போதும், 60 டிகிரியிலயும் அசையாது." எத்தன தடவைங்க சொல்றது? என்சைம்ல இருக்கிற லைசின்ங்கிற அமினோ அமிலத்தோட பிகேஏ (பாதி லைசின் புரோட்டானை விட்டிருக்கிற பிஎச்) கிட்டத்தட்ட 10.5. பிஎச் 7-ல புரோட்டான் இல்லாத லைசின் பத்தாயிரத்துக்கு மூணு. பிஎச் 10-ல நாலுக்கு ஒண்ணு. புரோட்டான் இல்லாத லைசினைத்தான் ஆல்டிஹைடு பிடிக்கும். அது இல்லேன்னா எதைப் பிடிக்கும், காத்தையா?

சேர்வராயன்: அந்த "ஒருத்தர்" நாந்தான். பேர் சொன்னா வாய் வலிக்குமா? பிஎச் 10-ல பாதி என்சைம் செத்துரும். பீட்ல பொணத்தை ஒட்டி என்ன பண்றது?

லைன்மேடு_லேப்: 100 மில்லிமோலார் பைகார்பனேட், பிஎச் 10.05, தாங்காத சரக்குன்னா 4 டிகிரியில. பீட் போடாத என்சைமையும் அதே பஃபர்ல தனிக் குழாய்ல வெச்சு, ரெண்டோட செயல்திறனையும் மணிக்கொருக்கா அளக்கணும். தனிக் குழாயும் சேந்து விழுந்தாத்தான் பிஎச் மேல பழி போடலாம். அளந்தீங்களா?

அம்மாபேட்டை: ஒரு சந்தேகம். "நிக்கும்"னா கழுவினா கழண்டு வராததா, இல்ல சூட்டுல வேலை செய்றதா?

சேர்வராயன்: டிடிடி (டைதயோத்ரைட்டால்ங்கிற ஒடுக்கி) போட்டா பிஎச் 7-லயே பிடிக்கும். படிச்சதில்லையா?

லைன்மேடு_லேப்: பிடிக்கும், புரதச் சங்கிலியோட அமினோ முனையில ஒரே இடத்துல. ஒத்த ஆணி அடிச்ச பலகை சுத்தத்தான் செய்யும். நாலஞ்சு லைசின் பதிஞ்சாத்தான் சூட்டுல மடிப்பு விரியாது. அதுக்கு பிஎச் 10. இன்னொண்ணு, டைசல்ஃபைடு (கந்தகப் பாலம்) இருக்கிற என்சைம்னா டிடிடி அதையே உடைக்கும்.

சேர்வராயன்: அமைலேஸுக்குக் கால்சியம் வேணுமே! உங்க பைகார்பனேட்ல பிஎச் 10-ல கால்சியம் ஊத்துனா சுண்ணாம்பா அடியில இறங்கும். அப்ப என்ன பண்ணுவீங்க?

லைன்மேடு_லேப்: கழுவுனப்புறம் போட்டுக்கலாம். பேச்சு பிஎச் பத்தி.

சேர்வராயன்: மாட்டுனா மட்டும் பேச்சு பிஎச் பத்தி!

ஆத்தூர்_திப்பி: ரெண்டு பேரும் விடுங்க. வெந்த மரவள்ளி மாவு அகரோஸ் துளைக்குள்ள எங்க நுழையும்? உள்ள இருக்கிற என்சைமுக்குத் தீனியே போகாது.

லைன்மேடு_லேப்: ஆத்தூரண்ணா, ட்ரிஸ் பஃபர்ல பீட் ஒட்டப் பாத்தவரு நீங்கதானே? ட்ரிஸ்லயே அமீன் இருக்கு, ஆல்டிஹைடை அதுவே தின்னுடும்.

ஆத்தூர்_திப்பி: அது வேற பேச்சு இழை. அதைத் தோண்டாம இருக்க முடியாதே உங்களால.

சேர்வராயன்: 2023-ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வந்த மாதிரி, லைன்மேட்டுக்குப் பிஎச் 10-க்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துருவோம்.

லைன்மேடு_லேப்: கிண்டல் இருக்கட்டும். கடைசியில, ஒட்டுன பிணைப்பை நிலையாக்க, மில்லிக்கு 1 மில்லிகிராம் சோடியம் போரோஹைட்ரைடு, அரை மணி நேரம், ஐஸ்ல, மூடி திறந்தபடி. மூடினா ஹைட்ரஜன் சேந்து தெறிச்சிரும். அப்புறம் பீட்டை எஸ்டிஎஸ்ல (புரதத்தை விரிக்கிற சோப்பு) கொதிக்க விட்டு, மேல் தண்ணியைப் புரதம் பிரிக்கிற ஜெல்ல ஓட்டுங்க. பட்டை தெரிஞ்சா அது ஒட்டவே இல்ல, சும்மா உக்காந்திருந்தது.

சேர்வராயன்: நம்ம ஜெல்ல பட்டை இல்ல. பிஎச் 7.

லைன்மேடு_லேப்: பிஎச் மீட்டரை 10.01 பஃபர்ல காலிபரேட் பண்ணீங்களா, இல்ல 4, 7 ரெண்டு பாட்டிலோட சரியா?

சேர்வராயன்: எலைசா (ஆன்டிபாடி சோதனை) தட்டு இழையிலயும் இதே கேள்வி. வேற சரக்கே இல்லையா?