டிவிக்குக் கீழே வைக்க ஒரு குட்டி பேர்போன் (ரேம், டிஸ்க் நாமே போட வேண்டிய) கம்ப்யூட்டர், எதை எடுக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். ஹாலில் மீடியா சென்டராக ஓடிக்கொண்டிருந்த பழைய டெஸ்க்டாப் போன வாரம் கண்ணை மூடிவிட்டது. அதன் ஃபேன் இரைச்சலில் வசனம் கேட்காமல் அம்மா சப்டைட்டில் படித்துப் பழகிவிட்டார், அது தனிக் கதை. அதனால் இந்த முறை சத்தமே முதல் கவலை.

வேலை பெரிதில்லை. லிப்ரெஎலெக் என்ற குட்டி இயங்குதளத்தில் கோடி (Kodi) மீடியா பிளேயர் ஓட வேண்டும், 4கே படம் திக்காமல் போக வேண்டும், ஆம்ப்ளிஃபயருக்கு 5.1 ஒலி அப்படியே போய்ச் சேர வேண்டும். கேம் ஆட யாரும் இல்லை.

இன்டெல் என்100 போட்ட பெட்டி போதும் என்று நினைக்கிறேன். 6 வாட் சிப், ஹெச்இவிசி 10 பிட், ஏவி1 என்ற இரண்டு வீடியோ வடிவங்களையும் ஹார்டுவேரிலேயே டீகோட் செய்துவிடும். தம்பியோ அஸ்ராக் டெஸ்க்மினி எக்ஸ்600 எடு, பின்னால் சிபியுவை மாற்றிக்கொள்ளலாம் என்கிறான். டிவி பார்க்க அது எதற்கு?

சிக்கல் ரேமில்தான். பழைய லேப்டாப்பில் கழற்றிய 8 ஜிபி டிடிஆர்4 கையில் இருக்கிறது. எக்ஸ்600 டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். என்100 இரண்டுக்கும் ஒத்துவரும், ஆனால் ஸ்லாட் எது என்பது போர்டைப் பொறுத்தது.

டிடிஆர்4 ஸ்லாட்டோடு, ஃபேன் இல்லாத என்100 பேர்போன் யாராவது வைத்திருக்கிறீர்களா? மே மாத வெயிலில், மூடிய ஷெல்ஃபுக்குள் தாங்குகிறதா? அப்புறம், டிவி ரிமோட்டிலேயே கோடியை இயக்க சிஇசி (ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியே ரிமோட் கட்டளையை அனுப்பும் வசதி) வேலை செய்கிறதா, இல்லை தனி அடாப்டர் வாங்கினீர்களா? அம்மாவிடம் இன்னொரு ரிமோட்டைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.