முதுநிலைக் கட்டடக்கலை விண்ணப்பம்: போர்ட்ஃபோலியோவில் எதை வைத்தோம், எதை எடுத்தோம்

இரண்டு முறை விண்ணப்பித்தவர்

முதுநிலைக் கட்டடக்கலைப் படிப்புக்கு நான் இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை அனுப்பிய போர்ட்ஃபோலியோவில் (நம் வடிவமைப்புகளைத் தொகுத்து அனுப்பும் கோப்பில்) 8 ஸ்டுடியோ வேலைகள் (வடிவமைப்பு வகுப்பில் செய்தவை), தீசிஸ், 2 போட்டி வடிவமைப்புகள் என 11 வேலைகள் இருந்தன. ஒன்றையும் விட மனம் வரவில்லை. 40 பக்கம் அனுமதித்த இடத்துக்கு 40 பக்கம் அனுப்பினேன். 20 பக்கம் கேட்ட இடத்துக்கு அதே படங்களைச் சிறிதாக்கி 20 பக்கத்தில் அடைத்தேன். விண்ணப்பித்த 4 இடங்களிலும் இடம் கிடைக்கவில்லை.

பிறகு, இளநிலையில் எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் ஒருவரிடம் அந்தக் கோப்பைக் கொண்டுபோனேன். அவர் பக்கங்களை அமைதியாகப் புரட்டிக்கொண்டே வந்து, நான்காம் ஆண்டில் செய்த மருத்துவமனை வடிவமைப்பில் நின்றார். எனக்கு அதிக மதிப்பெண் வாங்கித் தந்த வேலை அதுதான்; மாலை வெளிச்சத்தில் முகப்பு ஒளிரும் ரெண்டர் (கணினியில் நிழற்படம்போல உருவாக்கிய படம்) ஒன்று இரண்டு பக்கங்களை நிறைத்திருந்தது. அவர் ரெண்டரைப் பார்க்கவில்லை. பிளானில் ஒரு நடைவழியைச் சுட்டி, "இது ஏன் இங்கே திரும்புகிறது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நேராகவே போயிருக்கலாமே என்று எனக்கே தோன்றியது.

அடுத்து, இரண்டாம் ஆண்டில் செய்த ஒரு சிறிய வாசிப்பறைக்கு வந்தார். ஜூரியில் (வேலைகளை மதிப்பிடும் அமர்வில்) மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற வேலை என்பதால் அதைக் கடைசியில் ஒரே பக்கத்தில் ஒடுக்கி வைத்திருந்தேன். அதைப் பற்றி அவர் கேட்டதும், மேற்கு வெயில் மேசையின்மேல் விழாமலிருக்கக் கூரையை 7 முறை மாற்றியதையும், அட்டை மாடலை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் மாலை 4 மணிக்கு நிழலைப் பார்த்ததையும் நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். "இதையெல்லாம் ஏன் உள்ளே வைக்கவில்லை?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் கோப்பை மூடினார்.

அன்றிரவு எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். படங்களைப் பார்க்காமல், ஒவ்வொரு வேலையிலும் கட்டடத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டும் முக்கியமான செக்‌ஷனையும் வெற்றுத் தாளில் நினைவிலிருந்து வரைய வேண்டும். ஒவ்வொரு சுவரும் ஏன் அங்கே நிற்கிறது என்று பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். 11 வேலைகளில் 4 தான் தேறின. தீசிஸ் தேறியது, இரண்டு போட்டிகளும் தேறவில்லை. போட்டி வடிவமைப்புகளில் என் கவனம் முழுவதும் நடுவர்களுக்கு எது பிடிக்கும் என்பதில்தான் இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. மற்றவர்கள் எதை அளவுகோலாக வைத்து வேலைகளைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

அலுவலகத்தில் 4 ஆண்டுகள் பணியாற்றியவர்

என் சிக்கல் வேறு வகையானது. நான் பணியாற்றிய அலுவலகம் அந்த ஆண்டுகளில் 6 கட்டடங்களைக் கட்டி முடித்தது. 6 கட்டடங்களின் நிழற்படங்களும் என்னிடம் இருந்தன. ஆனால் ஒரு கட்டடத்தைக்கூட என்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. நான் தனியாகப் பொறுப்பேற்றுச் செய்தது ஒரு பள்ளிக்கூடத்தின் படிக்கட்டு மட்டுமே.

எனவே படிக்கட்டை மட்டும் 4 பக்கங்களில் வைத்தேன். 1:20 அளவில் (உண்மை அளவில் இருபதில் ஒரு பங்காக) வரைந்த டீடெய்ல் (விவரப் படம்), கைப்பிடிக் கம்பி இடைத்தளத்தில் சுவரோடு மோதிய இடத்தை சைட்டில் எடுத்த நிழற்படம், அதற்குப் பிறகு திருத்திய படம், இறுதியில் குழந்தைகள் அதில் இறங்கி வரும் படம் ஒன்று. கட்டடம் முழுவதையும் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்குக் காட்டி, வடிவமைப்பு அலுவலகத்துடையது, படிக்கட்டின் விவரப் படங்களும் சைட் மேற்பார்வையும் என்னுடையவை என்று இரண்டு வரிகளில் எழுதினேன். படங்களைப் பயன்படுத்த அலுவலகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற்றேன். வாடிக்கையாளரின் பெயரை நீக்கச் சொன்னார்கள்; நீக்கினேன்.

யாருடைய கை எது என்ற கேள்வி நம் துறையில் பழையது. பெர்லினின் வாஸ்முத் பதிப்பகம் 1910-11இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் வேலைகளை 100 படத்தாள்களாக வெளியிட்டது. அவற்றிலுள்ள பெர்ஸ்பெக்டிவ் படங்களில் (கண்ணுக்குத் தெரிவதுபோல ஆழத்தோடு வரைந்தவற்றில்) பல, அவருடைய அலுவலகத்தில் பணியாற்றிய மேரியன் மஹோனி முன்பே வரைந்தவற்றை அடியொற்றியவை. மஹோனியின் பங்கு நெடுங்காலம் கழித்தே பரவலாகப் பேசப்பட்டது. பிறர் பங்கைச் சொல்லாமல் விடுவது ரைட்டுக்குச் சரிப்பட்டிருக்கலாம், விண்ணப்பதாரருக்குச் சரிப்படாது.

இயற்பியலிலிருந்து வந்தவர்

கட்டடக்கலை படிக்காமல் முதுநிலைக்கு வருபவர்களுக்கான மூன்றாண்டுப் படிப்புக்கு நான் விண்ணப்பித்தேன். கட்டடம் சார்ந்த வேலை கட்டாயமில்லை என்று அறிவிப்பில் தெளிவாக எழுதியிருந்தும் அதை நான் நம்பவில்லை. 3 மாதம் சாஃப்ட்வேர் கற்று, ஒரு கற்பனை அருங்காட்சியகத்தை உருவாக்கி, அதற்கு 8 பக்கங்கள் ஒதுக்கினேன். மீதிப் பக்கங்களில் கைகளைப் பார்த்து வரைந்த பென்சில் படங்கள், களிமண் கலங்கள், ஆய்வகத்தில் லென்ஸ்களைத் தாங்குவதற்காக நானே அறுத்துப் பொருத்திய ஓர் உலோகத் தாங்கி ஆகியவற்றை வைத்தேன்.

நேர்காணலில் பாதி நேரம் அந்தத் தாங்கியைப் பற்றியே பேசினோம். அதிர்வு ஏன் ஒரு திசையில் மட்டும் வந்தது, தாங்கியின் கால்களை ஏன் நான்கிலிருந்து மூன்றாகக் குறைத்தேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அருங்காட்சியகத்துக்கு வந்தபோது ஒருவர், "இந்தக் கூரையில் விழும் மழைநீர் எங்கே போகும்?" என்று மென்மையாகக் கேட்டார். வளைந்து வளைந்து உட்பக்கமாகச் சரியும் அந்தக் கூரையில் விழும் நீரெல்லாம் நேராக நுழைவாயிலில் வந்து கொட்டும் என்பதை நான் அந்த நொடியில்தான் கண்டேன். இடம் கிடைத்தது, ஆனால் அந்த 8 பக்கங்களை இன்றும் யாருக்கும் காட்டுவதில்லை.

விண்ணப்பங்களைப் படித்தவர்

சேர்க்கைக் குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். எல்லாவற்றையும் சொல்ல இயலாது; தேர்வு சம்பந்தமாக இரண்டு சம்பவங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒருமுறை ஒரே கல்லூரியிலிருந்து வந்த 3 விண்ணப்பங்களில் ஒரே குழு வேலை இருந்தது. மூவருமே அதை முதல் வேலையாக வைத்திருந்தார்கள். மூவரில் ஒருவர்கூடக் குழு என்ற சொல்லை எழுதவில்லை. மூன்று கோப்புகளும் ஒரே நாளில் எங்கள் மேசைக்கு வந்தன. அது ஒரு நல்ல சந்தை வடிவமைப்பு. "நான்கு பேர் செய்தோம், கூரையின் கட்டமைப்பு என் பொறுப்பு" என்று யாராவது எழுதியிருந்தால் அவருக்கு அது சாதகமாகவே இருந்திருக்கும்.

மற்றொரு கோப்பில் 5 வேலைகளும் குடியிருப்புகளாக இருந்தன. ஐந்திலும் நடுவில் ஒரு முற்றம், ஐந்திலும் ஒரே மாதிரி மரச்சட்ட முகப்பு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்றாவதைத் தாண்டியதும் நாங்கள் படிப்பதை நிறுத்திவிட்டு வெறுமனே புரட்டத் தொடங்கினோம். அவற்றில் இரண்டை எடுத்துவிட்டு, விண்ணப்பத்தோடு எழுதித் தரும் நோக்க அறிக்கையில் அவரே ஆர்வத்தோடு விவரித்திருந்த மண் சுவர்ச் சோதனைகளின் நிழற்படங்களை வைத்திருக்கலாம். அறிக்கையில் இருந்த ஆர்வத்துக்குக் கோப்பில் ஒரு பக்கம்கூட இல்லை.

நீக்குவதற்குத் தயங்குபவர்களுக்காக ஒன்று. புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியே தம் வேலைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, 1910 முதல் 1929 வரையிலான முதல் தொகுதியில், சொந்த ஊரில் தம் பெற்றோருக்காக 1912இல் கட்டிய வீட்டைச் சேர்க்கவில்லை. அதே ஊரில் அதன்பின் கட்டிய ஷ்வோப் வீட்டையும் சேர்க்கவில்லை. ஆனால் கட்டப்படாத, 1914இன் டோம்-இனோ சட்டகம் (தூண்களும் தளங்களும் மட்டுமே கொண்ட கான்கிரீட் வீட்டுச் சட்டகம்) இடம்பெற்றது. கட்டி முடித்த வீடுகளை விட்டுவிட்டு ஒரு வரைபடத்தை வைத்துக்கொள்ள அவருக்குத் துணிவு இருந்தது. அதில் கொஞ்சம் தந்திரமும் இருந்தது என்பதை மறுக்கவில்லை.

சுருக்கமாக எழுதும் ஒருவர்

கோப்பின் அளவையும் கணக்கில் கொள்ளுங்கள். என் தீசிஸின் மிகச் சிறந்த படம், ஒரு தெரு முழுவதையும் வெட்டிக் காட்டும் 2 மீட்டர் நீளச் செக்‌ஷன். அதை ஏ4 பக்கத்துக்குச் சுருக்கியபோது மெல்லிய கோடுகள் எல்லாம் மறைந்து சாம்பல் நிறப் பட்டையாகிவிட்டது. பிடிஎஃபைக் கல்லூரி கேட்ட அளவுக்குக் குறைத்தபோது எழுத்துகளும் போயின. படத்தையே எடுத்துவிட எண்ணினேன். பிறகு, அதில் இரண்டு வீடுகளும் ஒரு தேநீர்க் கடையும் வரும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து முழுப் பக்கத்தில் வைத்தேன். தெருவின் முழு நீளம் மேலே ஒரு நூலிழைபோல ஓடியது, அவ்வளவுதான்.

பழைய வேலைகளை மீண்டும் வரைந்தவர்

ரைட்டைப் பற்றி மேலே எழுதியவருக்கு ஒரு துணைக்குறிப்பு. அந்த 100 தாள்களுக்கான படங்களை ரைட் 1910இல் இத்தாலியில் தங்கி, மகனையும் ஓர் இளம் உதவியாளரையும் வைத்துக்கொண்டு மீண்டும் வரைவித்தார். எனவே பழைய வேலையை இன்றைய கையால் வரையலாமா என்று தயங்குபவர்கள் தாராளமாக வரையலாம் என்பேன். நான் முதலாண்டு வேலை ஒன்றின் பிளானையும் செக்‌ஷனையும் புதிதாக வரைந்து, வடிவமைத்த ஆண்டையும் வரைந்த ஆண்டையும் தனித்தனியே குறித்தேன். வடிவமைப்பில் கை வைக்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் கதவு எதிர்ப்புறமாகத் திறந்தால் நன்றாக இருக்குமே என்று கை அரித்தது, விட்டுவிட்டேன்.

இரண்டு முறை விண்ணப்பித்தவர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டாம் முறை நான் அனுப்பிய கோப்பில் 5 வேலைகள் இருந்தன என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். தேறிய நான்கில் வாசிப்பறைக்கு 6 பக்கங்கள் கொடுத்து முதலில் வைத்தேன். கூரையின் 7 மாடல்களும் ஒரே பக்கத்தில் வரிசையாக நின்றன.

ஐந்தாவது, அந்த மருத்துவமனைதான். நீக்கிவிட்ட பிறகும் ஆசிரியரின் கேள்வி என்னை விடவில்லை. அதனால் நான்காம் ஆண்டின் பழைய கோப்புகளைத் தேதி வாரியாகத் திறந்து பார்த்தேன். மூன்றாம் வாரத்துப் பிளானில், நடைவழி திரும்பும் அதே இடத்தில், சைட்டில் இருந்த ஒரு பெரிய மரம் இருந்தது. காத்திருப்பவர்கள் அதன் நிழலைப் பார்த்தபடி உட்கார வேண்டும் என்பதற்காகவே நடைவழியை வளைத்திருக்கிறேன். பதினோராம் வாரத்தில், முகப்பை மறைக்கிறது என்று ரெண்டருக்காக மரத்தை அழித்திருக்கிறேன். வளைவு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. ரெண்டரை எடுத்துவிட்டு, மூன்றாம் வாரத்துப் பிளானையும், மரத்தோடு புதிதாக வரைந்த ஒரு செக்‌ஷனையும் 2 பக்கங்களில் வைத்தேன். நேர்காணலில் அந்த நடைவழியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.