மர வரைபடத்தைத் திருப்பிப் படிப்பது எப்படி? ஒரு ரயில்வே கேட் கணக்கு

கொருக்குப்பேட்டை அக்கா:

நான் கணக்கு டீச்சர் இல்லை. பி.காம் முடித்துவிட்டு ஒரு லாரி ஆபீசில் வரவு செலவு எழுதுகிறேன். சாயங்காலம் மொட்டை மாடியில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் இரண்டு பேர் சார்புநிலை நிகழ்தகவில் (ஒன்று நடந்தது தெரிந்தபின் இன்னொன்றுக்கு என்ன வாய்ப்பு என்ற கணக்கு) மாட்டிக்கொண்டார்கள். கூடவே நானும்.

கேரம் காய் வரைக்கும் பிரச்சினை இல்லை. வெள்ளை 9, கருப்பு 9, சிவப்பு 1. பெட்டிக்குள் கையை விட்டு ஒரு காய் எடுக்கணும், அதைத் திருப்பிப் போடாமல் இன்னொன்று எடுக்கணும். முதல் காய் வெள்ளை என்றால் அடுத்ததும் வெள்ளையாக வர 8/18. எடுத்த காயைக் காட்டி "மிச்சம் எத்தனை?" என்றதும் சொல்லிவிட்டார்கள். 2024இல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்த காசிமாவின் வடசென்னை ஆயிற்றே, கேரம் என்றால் தூங்குகிறவன்கூட எழுந்துவிடுவான்.

அப்புறம் நானே ஒரு கணக்கு போட்டேன், அங்கேதான் வினை. ஒரு பையன் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறான். லேட்டானால் "கேட்டு போட்டுட்டாங்கக்கா" என்பான். அதே வழியில் வரும் பெண்ணிடம் தினமும் விசாரித்து 40 நாள் நோட்டில் குறித்து வைத்தேன் (அல்பத்தனம்தான், தெரியும்). அவன் வரும் நேரத்தில் கேட் மூடியிருந்தது 10 நாள், அதில் 6 நாள் லேட். திறந்திருந்தது 30 நாள், அதிலும் 6 நாள் லேட்.

மர வரைபடம் வரைந்தேன், நடக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளை. முதல் கிளைகள்: மூடியது 1/4, திறந்தது 3/4. மூடியதிலிருந்து லேட் 3/5, நேரத்துக்கு 2/5. திறந்ததிலிருந்து லேட் 1/5, நேரத்துக்கு 4/5. கேள்வி: இன்றைக்கு லேட். கேட் மூடியிருந்ததற்கான நிகழ்தகவு என்ன? 3/5 என்று போட்டேன். உடனே அந்தப் பெண், "அக்கா, அது கேட்டு மூடினா லேட்டாகுமாங்கிறதுக்குத்தானே?" என்றாள். எனக்கு வாய் அடைத்துவிட்டது. லேட்டிலிருந்து கேட்டுக்குப் போக மரத்தில் கிளையே இல்லையே?

பேசின் பிரிட்ஜ் பயணி:

நாலு நாளில் ஒரு நாள்தான் மூடுகிற கேட்டா? எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள், நானும் வீட்டை மாற்றிக்கொள்கிறேன். கணக்கு நமக்கு வராது.

ரிட்டயர்டு சாக்பீஸ்:

அந்தப் பெண் சொன்னதுதான் சரி. முதலில் நடப்பது கேட், பிறகு நடப்பது லேட். மரமும் அந்த வரிசையில்தான் வளர்கிறது. உங்கள் கேள்வியோ நுனியில் நின்றுகொண்டு அடியைப் பார்க்கிறது. அதற்குத் தனிக் கிளை கிடையாது, நுனிகளை வைத்துத்தான் பதில்.

ஒவ்வொரு பாதையையும் பெருக்கி நுனியில் எழுதுங்கள். மூடியது, லேட்: 1/4 × 3/5 = 3/20. திறந்தது, லேட்: 3/4 × 1/5 = 3/20. நேரத்துக்கு வந்த இரண்டு நுனியையும் கையால் மறையுங்கள். லேட் என்று தெரிந்துவிட்டதால் அந்த நாட்கள் இனி ஆட்டத்தில் இல்லை. மிச்சம் 6/20, அதில் கேட் மூடியது 3/20. ஆக 1/2. உங்கள் நோட்டும் அதையே சொல்கிறதே: லேட்டான நாள் 12, கேட் மூடியது 6.

கேட் மூடினால் லேட்டாகும் வாய்ப்பு மூன்று மடங்கு. ஆனால் திறந்திருந்த நாளும் மூன்று மடங்கு. ஒன்றுக்கொன்று ஈடாகிவிட்டது.

இதற்குப் பெயர்தான் பேயீஸ் தேற்றம். அதை எழுதிய தாமஸ் பேயீஸ் 1761இல் இறந்துபோனார். கட்டுரையை 1763இல் வெளியிட வைத்தவர் நண்பர் ரிச்சர்டு பிரைஸ். சூத்திரத்தை முதலில் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. தொகுதியில் என்ன, பகுதியில் என்ன என்று நெட்டுருப் போடுவதிலேயே மரம் மறந்துபோகும்.

காசிமேடு கணக்கன்:

சார் சொன்னதோடு ஒன்று. பிள்ளைகள் 3/20ஐக் கிளை மேலேயே எழுதிவிட்டு மறுபடி பெருக்குவார்கள். கிளைக்கு ஒரு கலர், நுனிக்கு ஒரு கலர் சாக்பீஸ் கொடுங்கள். ஒரே புள்ளியிலிருந்து பிரியும் கிளைகளைக் கூட்டினால் 1 வரணும், நுனிகள் எல்லாம் சேர்ந்தாலும் 1 வரணும்.

கொருக்குப்பேட்டை அக்கா:

நன்றி சார், நன்றி தம்பி. மாடித் தரையில் பெரிதாக வரைந்தோம். மறைக்க வேண்டிய நுனிகளின் மேல் பையன் தன் செருப்பையே வைத்தான், ஒன்றுக்கு ஒன்று. பார்த்துவிட்டு, "அப்ப பாதி நாள் நான் சொன்னது நிஜம்தானேக்கா?" என்றான். நானும் தலையாட்டப் போனேன். அதற்குள் அந்தப் பெண், "கேட்டு மூடியிருந்துச்சு, சரி. அதனாலதான் லேட்டுன்னு யார் சொன்னா? திறந்திருந்தப்பவே நீ அஞ்சுல ஒரு நாள் லேட்டு" என்றாள்.

சார், அவன் வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்புகிறானா, தாமதமாகவா என்று இரண்டு கிளை சேர்த்தால் நுனி எட்டாகிவிடும். அது அடியில் வரணுமா, கேட்டுக்குப் பிறகு வரணுமா?