மறு: அன்செல்மின் 'சாடிஸ்ஃபாக்சியோ'வுக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கல்லூரி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். முதுகலை மெய்யியல் மாணவர்களுக்காக இடைக்கால ஐரோப்பா பற்றிப் பாடக்குறிப்பு எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, 'மீட்பின் தேவை' என்ற அத்தியாயத்தில் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கான்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098இல் முடித்த 'கடவுள் ஏன் மனிதரானார்' நூலின் அச்சாணிச் சொல், சாடிஸ்ஃபாக்சியோ என்ற இலத்தீன் சொல். வாதம் இதுதான்: கடவுளுக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாமல் விடுவதே பாவம். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் தீராது, அவமதித்ததற்கு மேற்கொண்டும் தர வேண்டும்; அப்படித் தருவதே சாடிஸ்ஃபாக்சியோ. தர வேண்டியவன் மனிதன். ஆனால் அவனிடம் இருப்பதெல்லாம் ஏற்கெனவே கடவுளுக்குக் கடன்பட்டது. தர முடிந்தவர் கடவுள் மட்டுமே. ஆகவே கடவுளாகவும் மனிதராகவும் ஒருவர் வேண்டும், அவரே கிறிஸ்து. அகராதியோ 'திருப்தி' என்கிறது! கடவுளைத் திருப்திப்படுத்தினார் என்று எழுதினால் விருந்து வைத்து அனுப்பியது போல இருக்கிறது. 'பரிகாரம்' என்றால் "எத்தனை வாரம் விளக்கு ஏற்றணும் மேடம்" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வரும்.

புலவர் ஐயா:
அம்மா, சொல் 2,000 ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது. கழுவாய். புறநானூறு 34இல் ஆலத்தூர் கிழார் 'வழுவாய் மருங்கில் கழுவாயும் உள' என்கிறார். பசுவின் மடியை அறுத்தவனுக்கும் கழுவாய் உண்டாம், நன்றி கொன்றவனுக்கு மட்டும் உய்தி இல்லையாம். 'உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு' என்று வள்ளுவரும் அதையேதான் சொன்னார். தீராத குற்றம் எது என்ற அன்செல்மின் கேள்வி நமக்குப் புதிதல்ல. 'கழு' வேரிலிருந்தே கழுவு, கழி, கழிவு எல்லாம் கிளைத்தன என்பது என் துணிபு. கழுநீரையும் இதில் சேர்ப்பேன், அது பற்றித் தனி மடல் எழுதுகிறேன். இன்னொன்று, குறிப்பில் 'அவதாரம்' வரவே கூடாது. கடவுள் மனிதரானதை மனுவுருவேற்பு என்கிறார்கள், அதிலும் 'மனு' உறுத்துகிறது.

வங்கி நண்பர்:
ஐயா, கழுநீர் இருக்கட்டும். கழுவாய் என்றதும் கறை, தண்ணீர்தான் மனதில் வரும். அன்செல்ம் திறந்து வைத்திருப்பது கடன் பேரேடு. தவிர, திருவிவிலியத்தில் யோவானின் முதல் மடல் 'நம் பாவங்களுக்குக் கழுவாய் அவரே' என்கிறது. அங்கே மூலம் வேறு, கிரேக்கச் சொல். இரண்டுக்கும் ஒரே தமிழ் போட்டால் மாணவர் குழம்புவார். 'தண்டம்' என்று யாரும் சொல்ல வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், அதுவும் ஆகாது. ஒன்று சாடிஸ்ஃபாக்சியோ, இல்லையேல் தண்டனை என்றுதான் அன்செல்ம் பிரிக்கிறார். முதலாவது நடந்தால் இரண்டாவது இல்லை. தண்டம் கட்டுவதும் தண்டனைதானே? என் ஓட்டு 'ஈடு'.

யாழ்ப்பாணத்து அன்பர்:
ரீச்சர், எங்கட ஊரில் ஈடு வைத்தல் என்றால் நகையைக் கொண்டுபோய் அடகு வைப்பது. கடவுள் தன் மகனை ஈடு வைத்தார் என்று பிள்ளைகள் விளங்கிக்கொண்டால் முழு வாதமும் தலைகீழாகிவிடும். மனிதர் சாத்தானின் பிடியில் இருந்தார்கள், விலை கொடுத்து விடுவித்தார் என்ற பழைய விளக்கத்தை உடைக்கத்தானே அன்செல்ம் எழுதினார்? சாத்தானுக்கு என்ன உரிமை, அவனே ஓடிப்போன வேலைக்காரன். அதைவிடப் பெரிய சிக்கல், நாம் தினமும் சொல்கிற 'மீட்பு' என்ற சொல்லே அடகுக்கடைச் சொல்தான். அதற்கான இலத்தீன் சொல் ரெதெம்ப்சியோவும் திரும்ப வாங்குவதுதான். அன்செல்ம் கதவுக்கு வெளியே தள்ளியதை நாம் தலைப்பிலேயே உட்கார வைக்கிறோம்.

புலவர் ஐயா:
அப்படியானால் நிறைவீடு. நிறைவு + ஈடு. இலத்தீனிலும் 'போதுமான அளவு செய்தல்' என்றுதானே பொருள்? நிறை வீடு என்று பிரித்தாலும் வீடுபேறு தெரியும். இரட்டுற மொழிதல்!

வங்கி நண்பர்:
மாணவர் கண்ணுக்கு வாடகை வீடுதான் தெரியும் ஐயா. அப்புறம், 'நிறைவு' முற்றியலுகரம், உகரம் எங்கே ஓடியது?

புலவர் ஐயா:
'முற்றும் அற்று ஒரோவழி.' நன்னூல். முற்றியலுகரமும் சில இடங்களில் அப்படிக் கெடும். கதவழகு என்று சொல்வதில்லையா?

முன்பு குருமடத்தில் படித்தவர்:
இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் குருவானவர் கொடுக்கும் செபத்தை என் பாட்டி 'அபராதம் தீர்ப்பது' என்பார். மனம் வருந்துதல், அறிக்கையிடுதல், மூன்றாவது சாடிஸ்ஃபாக்சியோ என்று இடைக்கால இறையியலார் வகுத்தார்களே, அந்த மூன்றாவது இதுதான். ஊரில் ஏற்கெனவே சொல் இருந்தது. இன்று அபராதம் என்றால் ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவது, அதனால் வலியுறுத்தவில்லை.

ஆனால் அத்தியாயத் தலைப்பு 'மீட்பின் தேவை' என்று இருப்பதை எதிர்க்கிறேன். 12ஆம் நூற்றாண்டு மெய்யியலார் அபெலார்ட், திருவிவிலியத்தின் ரோமர் மடலுக்கு எழுதிய உரையில், குற்றமற்றவரின் இரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமையல்லவா என்று கேட்டு, நம் உள்ளத்தில் அன்பை மூட்டவே கிறிஸ்து வந்தார் என்றார். அவருக்கு ஈடும் வேண்டாம் நிறைவீடும் வேண்டாம். ஆதாம் பாவமே செய்யாதிருந்தால் கடவுள் மனிதராகியிருப்பாரா? அதே 12ஆம் நூற்றாண்டில் டாய்ட்ஸ் மடத்தின் ரூபர்ட் இதைக் கேட்டார். மறைநூல் எங்கும் பாவத்தையே காரணமாகச் சொல்வதால் வந்திருக்க மாட்டார் என்பதே பொருத்தம், ஆனாலும் கடவுளால் முடியாதது இல்லை என்றார் 13ஆம் நூற்றாண்டு இறையியலார் அக்குவினாஸ். அவருக்குப் பின் வந்த இறையியலார் டன்ஸ் ஸ்கோட்டஸ் கணக்கையே திருப்பிப் போட்டார். கடவுள் முதலில் விரும்பியது கிறிஸ்துவை; பாவத்தை முன்கண்டது அதற்குப் பிறகு. தலைப்பிலேயே மீட்பு என்று போட்டால் ஸ்கோட்டஸ் பேச வருமுன்பே தோற்றுவிடுவார்.

கல்லூரி ஆசிரியை:
வெள்ளி வந்துவிட்டது. தலைப்பை 'கடவுள் மனிதரானது எதற்கு' என்று மாற்றிவிட்டேன். உள்ளே 'ஈடுசெய்தல்', அடகு என்று பொருள் கொள்ள வேண்டாம் என்று ஒரு அடிக்குறிப்பு. கழுவாயைத் திருவிவிலியத்துக்கே விட்டுவிட்டேன். மூன்று பேர் சரி என்றீர்கள், மற்றவர்கள் களைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

புலவர் ஐயா:
அச்சானபின் என்ன சொல்ல? ஆனாலும் ஈடுசெய்தல் விளக்கம்தான், கலைச்சொல் அல்ல. நிறைவீட்டை அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம். கழுநீர் மடல் நாளை வரும்.