சுங்கை சிப்புட் (மலேசியா) குடும்பக் குழு: மல்லிகா அத்தை பார்த்த படம்

மல்லிகா அத்தை: எல்லாரும் பசியாறியாச்சா? நேற்று கவிதா என்னை ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு படத்துக்கு முன்னால் நின்ற நான் நகரவே இல்லை. இரவெல்லாம் அதே நினைப்பு.

தேவி: என்ன படம் அத்தை?

மல்லிகா அத்தை: பால்மரக் காடு, அதுதான் ரப்பர் தோட்டம். இன்னும் விடியவில்லை. தலைவிளக்கு கட்டிய ஒருத்தி குனிந்து பாலுக்காக மரப்பட்டையை வெட்டுகிறாள். முகம் தெரியாது. வெளிச்சம் பட்ட பட்டையில் வெட்டுக்கோடு இடது மேலிருந்து வலது கீழாக இறங்குகிறது. வரைந்தவர் தோட்டத்தில் நின்று பார்த்தவர்தான்.

தேவி: மாற்றி வெட்டினால் என்ன ஆகும்?

மல்லிகா அத்தை: பால் குறையும்மா. பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஓடாது, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தே மேலே ஏறும். இடது மேலிருந்து வெட்டினால்தான் நிறைய குழாய் அறுபடும். சாய்வு 25, 30 டிகிரி இருக்கும். உளி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அப்புறம் அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாகத்தான் வளரும்.

சேகர் சித்தப்பா: விடியுமுன் வெட்டுவதும் பாலுக்காகத்தான். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும்.

கவிதா: அது பாத்தேக் ஓவியம் சித்தப்பா. சாந்திங் என்ற மெழுகுப் பேனாவில் உருகிய மெழுகை எடுத்துத் துணியில் கோடு இழுத்து, அப்புறம் சாயம் தீட்டுவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. 1950களில் பினாங்கில் சுவா தியென் தெங்தான் பாத்தேக்கை ஓவியமாகச் செய்து காட்டிய முன்னோடி.

மல்லிகா அத்தை: அந்த விளக்கு வெளிச்சம் சாயமே படாத வெறும் துணி என்று இவள் சொன்னதும் எனக்கும் வரைய ஆசை வந்துவிட்டது. நம் லயத்தை, நாம் குடியிருந்த தோட்ட வீட்டு வரிசையை, வரையப் போகிறேன். தோட்டம் எண்ணெய்ச் செம்பனையாகிவிட்டது, லயத்தையும் இடித்துவிட்டார்கள். ஒரு போட்டோகூட நம்மிடம் இல்லை. அம்மா என்னையும் சேகரையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டோடு பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடுவார். தூக்கக் கலக்கத்தில் நாங்கள் பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான். படத்தில் இருந்தவளும் முதுகைக் காட்டித்தான் நிற்கிறாள்.

தேவி: பாட்டியின் வேலைச் சட்டையையும் வரையுங்கள் அத்தை.

மல்லிகா அத்தை: அதை விடுவேனா? பால் காய்ந்து சட்டைக் கை விறைத்துப் போயிருக்கும். எவ்வளவு துவைத்தாலும் கறுப்புக் கறை போகாது. மடக்கினால் மடங்காது.

கவிதா: என்னிடம் சாந்திங் இருக்கிறது. துணியும் சாயமும் சனிக்கிழமை வாங்கி வருகிறேன். அதற்குள் பென்சிலால் தாளில் போட்டுப் பாருங்கள்.

சேகர் சித்தப்பா: அக்கா, லயத்துக்குப் பின்னால் குழாயடி. ஆயாக்கொட்டகை வாசலில் நின்றது ரம்புத்தானா, மாமரமா?

மல்லிகா அத்தை: ரம்புத்தான். ஆனால் குழாயடி பின்னால் இல்லை தம்பி, மாரியம்மன் கோயிலுக்கு எதிரில்.

சேகர் சித்தப்பா: ஆமாம், எதிரில்தான்! என்னை அங்கேதான் இழுத்துப் போய்க் குளிப்பாட்டுவீர்கள். இன்றிரவு ஒரு வரைபடம் போட்டு அனுப்புகிறேன். பெரட்டுக் களத்திலிருந்து தொடங்கவா?

மல்லிகா அத்தை: அங்கிருந்தே தொடங்கு. கணக்கெழுதும் கிராணி வீட்டையும் பால் நிறுக்கும் கொட்டகையையும் விட்டுவிடாதே.