வயலைக் காயவிட்டால் மீத்தேன் குறையுமாமே, நம் பக்கம் நடக்குமா?

கெப்பாலா பத்தாஸ்காரன்:
வணக்கம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் முழுக்க நெல் வயல். தண்ணீர் எந்நேரமும் நிற்க வேண்டியதில்லை, இடையிடையே காயவிட்டாலும் விளைச்சல் குறையாது, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் குறையும் என்று பிலிப்பைன்ஸில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்வதாகப் படித்தேன். பக்கத்து வயல் பாக்சிக்கிடம் சொன்னால், தண்ணீர் வற்றினால் புல்லைத்தான் அறுக்கணும் என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?

மண்புழு:
ரெண்டும் சரிதான். தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது, அப்போது அங்கே பெருகும் நுண்ணுயிரிகள் வைக்கோலையும் வேர்க்கழிவையும் தின்று மீத்தேனை விடும், அது பெரும்பாலும் நெல் தண்டு வழியாகவே வெளியேறுகிறது. காயவிட்டால் அந்த வேலை நின்றுபோகும். 30 சென்டிமீட்டர் பிவிசி குழாயின் கீழ்ப்பாதியில் ஓட்டைகள் போட்டு, அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுவார்கள். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்சலாம். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவே விடக்கூடாது, பதர்தான் மிஞ்சும். ஒழுங்காகச் செய்தால் தண்ணீர் 30 விழுக்காடு வரை மிச்சம், மீத்தேன் பாதி வரை குறையும். பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும், யூரியாவை அள்ளிக் கொட்டுகிறவர் வயலில் இன்னும் கூடும், ஆனாலும் மொத்தக் கணக்கில் பெரும்பாலும் லாபமே.

தாலி ஆயர்:
குழாய் எல்லாம் சரி, பாக்சிக் ஏன் சிரிக்கிறார் என்று பாருங்கள். இங்கே பெரும்பாலும் விதையை நேரடியாகத் தூவுகிறார்கள். முளைத்தபின் நிற்கும் தண்ணீர்தான் களையை அமுக்கி வைக்கிறது, அது வற்றினால் பாடி அங்கின் என்கிற களை நெல் கிளம்பிவிடும், அதுவும் நெல் சாதியே என்பதால் சாதாரணக் களைக்கொல்லிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அப்புறம், வாய்க்காலில் தண்ணீர் அட்டவணைப்படி வருகிறது, குழாயைப் பார்த்து நினைத்த நேரத்தில் திறக்க மதகு அவர் கையில் இல்லை. மிச்சம் பிடித்தாலும் அவருக்கு ஒரு சென் குறையாது, லாபம் அதே முடா ஆற்றுத் தண்ணீரை வீட்டில் பிடிக்கும் நமக்குத்தான். ஒரே வாய்க்காலில் இருக்கும் எல்லாரும், தண்ணீர் விடும் இலாகாவும் சேர்ந்து செய்தால்தான் உண்டு. இதைப் பற்றிப் பேசாமல் விவசாயிக்கு மட்டும் வகுப்பு எடுப்பது எனக்கு எரிச்சல்.

கெப்பாலா பத்தாஸ்காரன்:
அப்போ பாக்சிக் தனியாகச் செய்ய எதுவுமே இல்லையா?

மண்புழு:
இருக்கே. அறுப்பு முடிந்ததும் வைக்கோலைக் கொளுத்தாமல், காய்ந்த மண்ணிலேயே சீக்கிரம் உழுதுவிடச் சொல்லுங்கள். அடுத்த தண்ணீர் வர ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் காற்றோட்டத்திலேயே நிறைய மக்கிவிடும். தண்ணீர் கட்டுகிற நேரத்தில் சேற்றோடு மிதித்தால் மீத்தேன் கூடத்தான் செய்யும். இரண்டு போகத்துக்கு நடுவே அவருக்கு அவ்வளவு நாள் கிடைக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.