புதுப்பிப்பு: கீழமாசி வீதி – கப்பலூர் விபிஎன் சரியாகிவிட்டது

முன்பு கேட்டிருந்தது இதுதான்: கீழமாசி வீதிக் கடைக்கும் (192.168.10.0/24) கப்பலூர் குடோனுக்கும் (192.168.20.0/24) இடையே ஐபிசெக் டனல் (இன்டர்நெட் வழியாக இரண்டு இடத்து நெட்வொர்க்கையும் இணைக்கும் பாதுகாப்பான விபிஎன் பாதை) கனெக்ட் ஆனதாகவே காட்டும், ஆனால் குடோனிலிருந்து கடை சர்வருக்குப் பிங்கூட (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகாது. யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வேலை செய்தது, ‘நாட் விதிகளின் வரிசையைப் பாருங்கள்’ என்று ஒரு அண்ணன் சொன்னதுதான். நாட் என்றால் ரவுட்டர் பாக்கெட்டின் முகவரியை மாற்றி அனுப்புவது. குடோன் ரவுட்டரில் மாஸ்கரேட் விதி (வெளியே போகும் பாக்கெட்டுக்கு ரவுட்டரின் முகவரியைப் போடும் நாட் விதி) முதலில் இருந்ததால், கடைக்குப் போகும் பாக்கெட்டின் மூல முகவரி வான் (WAN) ஐபியாக, அதாவது ரவுட்டரின் இன்டர்நெட் பக்க முகவரியாக, மாறிவிடுகிறது. அப்புறம் அது டனல் பாலிசிக்கு (எந்த முகவரிகள் டனலில் போகலாம் என்ற விதி) பொருந்தாது. நேராக இன்டர்நெட் பக்கம் போய்த் தொலைகிறது. இந்த இரண்டு சப்நெட்டுக்கு (கடை, குடோன் முகவரித் தொகுதிகள்) இடையே நாட் வேண்டாம் என்ற விதியை மாஸ்கரேட்டுக்கு மேலே வைத்தேன். கடை ரவுட்டரிலும் அதேதான், திசை மட்டும் மாற்றி. பழைய கனெக்‌ஷன்களை ரவுட்டரின் கனெக்‌ஷன் டேபிளிலிருந்து அழித்த பிறகுதான் பிங் வந்தது, அதை விட்டுவிடாதீர்கள்.

எதிர்பாராதது ஒன்று: பிங் ஓடியும் பில்லிங் சாஃப்ட்வேர் லாகினைத் தாண்டாமல் அப்படியே நின்றது. பெரிய பாக்கெட்டுகள் டனலுக்குள் நுழையவில்லை. டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் போகக்கூடிய தரவின் உச்ச அளவு) 1360 பைட்டாகக் குறைத்ததும் ஸ்டாக் லிஸ்ட் மடமடவென வந்துவிட்டது.

குடோனில் ஒரு விண்டோஸ் கணினி மட்டும் கடையிலிருந்து பிங் செய்தால் இன்னும் பதில் தராது. அதன் ஃபயர்வால் உள்ளூர் சப்நெட்டை மட்டுமே அனுமதிக்கிறது. வேலைக்குத் தடையில்லை, அதனால் விட்டுவிட்டேன்.